இறுகிப்போன போல்ட்: ஆயிலா, சூடா?

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைப் பிரிக்க உட்கார்ந்தால், முதல் முட்டுக்கட்டை துருவேறி இறுகிய போல்ட்தான். துரு நீக்கும் ஆயிலா, தீ உமிழும் டார்ச்சின் சூடா?

செலவு: ஆயில் கேன் மலிவு. டார்ச்சும் அதற்கான எரிவாயுவும் அதைவிடக் கூடுதல்.

நேரம்: ஆயிலுக்கு ஒரு ராத்திரியாவது வேண்டும். இடையிடையே போல்ட் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டினால்தான் மரைக்குள் இறங்கும். சூட்டுக்குச் சில நிமிஷம்.

பலன்: சாதாரணத் துருவுக்கு ஆயில் போதும். அலுமினிய எஞ்சின் கேஸில் (வெளிக்கூட்டில்) ஸ்டீல் போல்ட் வெள்ளைப் பொடி பூத்து ஒட்டியிருந்தால், ஆயில் நுழைய இடமே இருக்காது. அங்கே சூடுதான் கைகொடுக்கும். ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். அதனால் தீயை போல்டைச் சுற்றியுள்ள கேஸில் காட்டுங்கள். என் கிளட்ச் கவர் போல்ட் மூன்று நாள் ஆயிலுக்கு அசையவில்லை. சூடேற்றி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு திருப்பினேன். 'டிக்' என்று விட்டுக்கொடுத்தது.

ஆபத்து: ஆயிலில் அவசரப்பட்டால் போல்ட் தலை முறியும். சூட்டில் ஆபத்து அதிகம். பெட்ரோல் டேங்கைக் கழற்றி தூர வையுங்கள், அடித்த ஆயிலைத் துடைத்துவிடுங்கள். அலுமினியம் சிவந்து எச்சரிக்காது, நேராக உருகும்; சுத்த அலுமினியம் 660 டிகிரியில், எஞ்சின் கேஸின் கலவை அதற்கும் முன்பே. தண்ணீர்த் துளி 'சுர்'ரென்று சுண்டியதும் தீயை விலக்குங்கள்.

ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), ஃபுட்ரெஸ்ட் போல்டுகளுக்கும், ரப்பர் புஷ், ஆயில் சீல் பக்கத்திலும் ஆயில். அலுமினியத்தில் புதைந்த போல்டுக்குச் சூடு.