அலாய் வீலில் உப்பு பூத்தால்: வீட்டிலேயே தேய்ப்பதா, பவுடர் கோட்டிங்கா, லேத்தா?

திருவான்மியூரில் கடலிலிருந்து மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். இங்கே ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், மொட்டைமாடிக் கொடிக்கம்பி எல்லாமே உப்புக் காற்றுக்கு இரைதான். காருக்கு ஐந்து வயதானபோது முன்பக்க அலாய் வீலில், பேலன்சிங் எடை (சக்கரம் ஆடாமல் சுற்ற ரிம்மில் மாட்டும் சின்ன உலோகத் துண்டு) மாட்டியிருந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நான்கு வீலிலும் கிளியர் கோட்டுக்கு (பெயிண்டுக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சுக்கு) அடியில் புழு ஊர்ந்த தடம் போலக் கோடுகள். அப்புறம் இதற்கு இருக்கிற வைத்தியம் ஒவ்வொன்றையும் என் காரிலோ சொந்தக்காரர்கள் காரிலோ பார்த்துவிட்டேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான அலாய் வீல்கள் சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த அலுமினிய வார்ப்பு. இதற்கு இரும்பு போலத் துரு கிடையாது. காற்று பட்டவுடன் மேலே மெல்லிய ஆக்சைடு தோல் படிந்து அதுவே காவல் காக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலை உடைக்கிறது. கல் தெறித்த இடத்திலோ, எடையின் இரும்புக் கிளிப் உரசிய இடத்திலோ உப்பு ஈரம் நுழைந்துவிட்டால் அரிப்பு தொடங்கும்; கிளிப் இருக்கும் இடத்தில் இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருப்பதால் அலுமினியம் இன்னும் வேகமாக அரிக்கும். உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். அது கீழிருந்து பெயிண்டைத் தூக்கும், தூக்கிய இடுக்கில் மறுபடி ஈரம் போகும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் அரிப்பைவிட உண்மையான அரிப்பு எப்போதும் பெரியது. ஒரு முறை நல்லதா இல்லையா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டுதான்: அந்த மறைந்த ஓரம் வரை அது போகிறதா? மறுபடி கல் தெறித்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா?

விரிசல் விட்ட வீலுக்கு இந்த அலசல் எதுவும் பொருந்தாது. பள்ளத்தில் விழுந்து கோணியதும் இதற்குள் வராது. கழற்றிக் கழுவிய பிறகு ஸ்போக் அடியில் மயிரிழைக் கோடு தெரிந்தால் பெயிண்டால் மூடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

வீட்டில் தேய்த்து ஸ்பிரே அடிப்பது

முதல் தடவை நான் செய்தது தவறு. வெள்ளைப் பூ தெரிந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, சில்வர் ஸ்பிரேயும் சாதாரண கிளியரும் அடித்தேன். பத்தே மாதத்தில், தேய்த்த வட்டத்தின் விளிம்பிலிருந்தே மறுபடி கொப்புளம். மறைந்த ஓரத்தை விட்டுவிட்டேன், அதுதான் காரணம்.

இரண்டாவது தடவை பொறுமையாகச் செய்தேன். உரிந்த பெயிண்டைத் தாண்டி, நல்ல பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடம் வரை 80 நம்பர் தாள். பிறகு 120, 180, 320 என்று மென்மையான தாள்களுக்குப் போகவேண்டும். உலோகம் பளிச்சென்று ஆனாலும் ஊசி குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் நிற்கும். அவை அரிப்பின் குழிகள். அவை மறையும் வரை 80-ஐ விட்டு நகரக்கூடாது. ஒரு வீலுக்கு மூன்று மணிநேரமாவது இதற்கே போகும். வேலையில் முக்கால் பங்கு இதுதான்.

அவசரப்பட்டு டிரில்லில் இரும்புக் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, எதைத் துரத்துகிறோமோ அதையே விதைத்துவிடும். ஸ்போக் இடுக்குகளுக்கு மட்டும் பெயிண்ட் ரிமூவர் ஜெல் உதவும், அதுவும் அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டிருந்தால்தான். காஸ்டிக் சோடா கலந்தது அலுமினியத்தையே கரைக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிறோமே என்று இதிலும் சிலர் புளி, எலுமிச்சை என்று இறங்குகிறார்கள். புளியின் அமிலம் செம்பின் கறுப்பைக் கரைக்கிறது, அதனால் பித்தளை மின்னுகிறது. அலுமினியத்தில் விழுந்த குழிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

முகப்பில் மட்டும் அரிப்பு என்றால் டயரைக் கழற்ற வேண்டியதில்லை. காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சுற்றிலும் சொருகிவிடுங்கள். அந்தத் தடித்த அட்டையைவிட நல்ல மறைப்பு கிடையாது.

கல்லில் உரசிய ஓரம் இருந்தால் பட்டி பார்க்கலாம். பட்டி வெறும் உலோகத்தின் மேல் வரவேண்டும். அமில எட்ச் பிரைமருக்கு (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சுக்கு) மேல் போட்டால் சரியாக இறுகாது. பட்டியைத் தேய்த்துச் சமன் செய்த பிறகு தின்னர் நனைத்த பனியன் வேஸ்டால் துடைத்து, எபாக்ஸி பிரைமர் அடிப்பேன். தேய்த்த அன்றே பிரைமர் ஏறிவிட வேண்டும். எங்கள் தெருவில் ஒரு ராத்திரி விட்டாலும் உப்பு படிந்துவிடும்.

பிரைமருக்கு மேல் சில்வர், அதற்கு மேல் கிளியர். கிளியரில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சாதாரண ஒற்றைப் பாகக் கிளியர் மலிவு, சுலபம், ஆனால் பெட்ரோல் பட்டால் இளகும். ஹார்டனர் கலந்த இரட்டைப் பாகக் கிளியர் கெட்டியானது. கேனின் அடியிலுள்ள பொத்தானை அழுத்திக் கலந்துவிட்டால் ஓரிரு நாளுக்குள் முடித்துவிட வேண்டும், ஆகவே நான்கு வீலையும் தயாராக வைத்துக்கொண்டு அழுத்துங்கள். எனக்கு இதுதான் மூன்று மழைக்காலம் தாங்கியது. ஆனால் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்கு மிகக் கெடுதல், ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் விடாது. துணி மாஸ்க், என்95 எதுவும் அந்த ஆவியைத் தடுக்காது. ஆவியைத் தடுக்கும் புதிய கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி, கண்ணாடி, கையுறையோடு திறந்த வெளியில் மட்டும் அடியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம், பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் குழந்தைகள் விளையாடும் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கிலும் கூடாது.

காலமும் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெயிண்ட் பால் போல வெளுத்துப்போகும். அக்னி நட்சத்திர வெயிலில் துளிகள் வீலைத் தொடுமுன்பே காய்ந்து சொரசொரப்பாகும். ஆடிக் காற்றில் தூசி. தையும் மாசியும்தான் சென்னையில் தோதான மாதங்கள், வெயில் ஏறிய பத்து மணிக்கு மேல்.

பவுடர் கோட்டிங்

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறைகள் இருக்கின்றன. டயரைக் கழற்றிக் கொடுத்தால் பிளாஸ்டிங் செய்து (துகள்களை வேகமாகப் பீய்ச்சிப் பழைய பெயிண்டை உரித்து), மின்னேற்றிய பொடியைத் தூவி, 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருக்கிப் படியவைப்பார்கள். உள்பக்கம், டயர் உட்காரும் விளிம்பு என்று கை போகாத இடமெல்லாம் சுத்தமாகிவிடும். வாராவாரம் காற்று இறங்கி, பஞ்சர் கடையில் தண்ணீரில் அமுக்கும்போது ரிம் ஓரமெல்லாம் குமிழ் வருகிறது என்றால், டயரைக் கழற்றாமல் அதற்குத் தீர்வு இல்லை. எப்படியும் கழற்றுகிறோம் என்றால் பவுடர் கோட்டிங்குக்கே கொடுத்துவிடலாம் என்பது என் முடிவு.

ஆனால் பட்டறையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். என் மாமா ஒரு இடத்தில் கொடுத்தார். போல்ட் உட்காரும் குழிகளை மறைக்காமல் அதன் மேலும் கோட்டிங் ஏற்றிவிட்டார்கள். மாட்டி இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்டியரிங் ஆட்டம் எடுத்தது. இறக்கிப் பார்த்தால் ஒரு வீலில் மூன்று போல்ட் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. கோட்டிங் நசுங்கியதில் பிடி போய்விட்டது. மகாபலிபுரம் சாலையில் குடும்பத்தோடு போகும்போது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் மனசு பதறுகிறது. போல்ட் குழி, ஹப் (வீல் மாட்டும் அச்சுப் பகுதி) உட்காரும் முகம் இரண்டிலும் எந்தப் பூச்சும் கூடாது. வீட்டில் ஸ்பிரே அடிப்பவர்களுக்கும் இதே விதிதான்.

பட்டறைக்காரரிடம் வேறு இரண்டு கேள்விகளும் கேளுங்கள். பொடி போடும் முன் வீலை ஒரு தடவை சூடாக்கி எடுப்பாரா? வார்ப்பின் நுண்துளைகளில் தங்கிய காற்றும் எண்ணெயும் அப்போதே வெளியேறாவிட்டால் கோட்டிங்கில் ஊசித் துளை விழும். சூட்டடுப்பில் எவ்வளவு நேரம் வைப்பார்? அலாய் வீலின் வலிமை, தொழிற்சாலையில் 150–170 டிகிரி வாக்கில் பல மணிநேரம் பதமாக வேகவைத்து வருவது. அதற்கு மேலான சூட்டில் நீண்ட நேரம் கிடந்தால் அந்தப் பதம் கெடும். சரியான சூட்டில் இருபது நிமிடத்தில் எடுத்துவிடுகிற ஆளிடம் கொடுங்கள். வீட்டில் பட்டி பார்த்துவிட்டு இங்கே கொண்டு போகாதீர்கள், சாதாரண பட்டி அந்த அடுப்பின் சூட்டைத் தாங்காது.

பவுடர் கோட்டிங்கின் குறை பின்னால்தான் தெரியும். கல் தெறிப்பை அது ஸ்பிரேயைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு இடத்தில் உடைந்துவிட்டால் அங்கே மட்டும் மறுபடி பொடி போட முடியாது. என் ஸ்பிரே வீலில் கீறல் விழுந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இடத்தை மட்டும் தேய்த்து அடித்து முடித்துவிடுகிறேன்.

லேத்தில் முகப்பைச் சீவுவது

இப்போது பல கார்களில் வரும் இரட்டை நிற டைமண்ட் கட் வீலை லேத்தில் பிடித்து மேல் தோலைச் சீவிப் புதுசு போல ஆக்கலாம். பார்க்க இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் உலோகம் குறைகிறது, ஓரிரு முறைக்கு மேல் செய்யமுடியாது. சீவிய கூர்மையான விளிம்புகளில் கிளியர் மெல்லியதாகத்தான் நிற்கும், அரிப்பு அங்கேதான் முதலில் நுழையும். கோயம்புத்தூர், சேலத்தில் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். கடலோரத்தில் இருப்பவர்கள், அந்த அழகின் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், ஒரே நிறப் பெயிண்டுக்கு மாறிவிடுவதே நல்லது.

உரித்தெடுக்கும் ரப்பர் ஸ்பிரே அரிப்பை மறைக்கும், நிறுத்தாது. மெட்டல் பாலிஷ், கிளியர் இல்லாத பளபள வீலுக்கு மட்டும்தான்.

எதைச் செய்தாலும் பேலன்சிங் கடையில் கிளிப் எடை வேண்டாம், உள்பக்கம் ஒட்டும் எடை போடுங்கள் என்று கேளுங்கள். போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) முறுக்கி, 50–100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். வாட்டர் வாஷில் அமிலம் அடிக்கவிடாமல், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவினால் போதும். என் காரின் முன் இடது வீலில், எடை இருந்த அதே இடத்தில், போன தை மாதம் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்த்து அடித்தேன். இந்த மழைக்கு அது அப்படியே இருக்கிறது.