நைட்ரஜனை நீக்குவதா, நகர்த்துவதா? டாம்பாவும் பாஸ்டனும்

கழிவுநீரில் வரும் நைட்ரஜன் விரிகுடாவுக்கு உரம். அது மிஞ்சினால் பாசி பெருகும், நீர் கலங்கும், வெளிச்சம் அடிவரை எட்டாமல் கடற்புல் செத்துப்போகும். 1970களில் ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடா இந்தக் கதியில்தான் கிடந்தது. பாஸ்டன் துறைமுகத்துக்கோ அமெரிக்காவிலேயே மிக அசுத்தமான துறைமுகம் என்று அந்நாளில் பெயர். இரண்டு ஊரும் ஆளுக்கொரு வழியில் போயின.

பாஸ்டன் கழிவை நகர்த்தியது. கழிவுநீரிலிருந்து பிரித்த கசடைத் துறைமுகத்தில் கொட்டுவதை 1991இல் நிறுத்தினார்கள். 2000 செப்டம்பரில், டியர் தீவு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து 15 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக, துறைமுகத்துக்கு வெளியே மசாசூசெட்ஸ் விரிகுடாவில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் சுத்திகரித்த நீரை விடத் தொடங்கினார்கள். அந்த நிலையம் நைட்ரஜனைப் பெரிதாக நீக்குவதில்லை. ஆனாலும் துறைமுகம் தெளிந்தது. வெளியே பயந்த அளவு கேடும் வரவில்லை. காரணம், அந்தக் கடலுக்குப் பெரும்பங்கு நைட்ரஜன் எப்படியும் மெய்ன் வளைகுடாவிலிருந்தே வருகிறது.

டாம்பாவுக்கு இது ஒத்துவராது. சராசரி ஆழமே நான்கு மீட்டருக்குள். வெப்பமான, மெதுவாக மாறும் நீர். அதனால் அங்கே நைட்ரஜனை நிலையத்திலேயே நீக்குகிறார்கள். வெளியேறும் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம்தான் வரம்பு. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். பின்னதற்குத் தீனியாக மெத்தனால் ஊற்ற வேண்டும். அந்த பாக்டீரியா வாழும் மணல் வடிகட்டியில் வாயுக் குமிழிகள் சிக்கி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது கீழிருந்து தண்ணீரை அடித்து அவற்றைக் கிளப்பிவிட வேண்டும். ஓயாத செலவுதான். ஆனால் மக்கள்தொகை ஏறியபோதும் கடற்புல் பெருகி, 2014இல் 40,000 ஏக்கரைத் தாண்டியது. 1950களின் அளவை எட்ட வைத்திருந்த இலக்கு 38,000தான்.

என் ஓட்டு டாம்பாவுக்கே. பாஸ்டன் வழிக்குப் பக்கத்தில் குளிர்ந்த, ஆழமான, ஓட்டமுள்ள கடல் வாய்க்க வேண்டும். அந்த அதிர்ஷ்டம் எல்லா ஊருக்கும் கிடையாது.

அதற்காக டாம்பா தப்பித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2021இல் பைனி பாயின்ட் பழைய பாஸ்பேட் ஆலையின் தேக்கத்திலிருந்து சுமார் 81 கோடி லிட்டர் கழிவுநீர் விரிகுடாவில் திறந்துவிடப்பட்டது. கூடவே ஏறக்குறைய 200 டன் நைட்ரஜன். கடற்புல்லின் சரிவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 2022இல் பரப்பு 30,000 ஏக்கர் அளவுக்கு இறங்கிவிட்டது. சாலையிலும் புல்வெளியிலும் வழிந்தோடி நைட்ரஜனைச் சுமந்து வரும் மழைநீருக்கு மெத்தனால் வைத்தியம் கிடையாது. சுரங்கமும் அதைத் தடுக்காது.