கினிப்பன்றிக்குச் சொறி கண்டால்: ஊசியா, சொட்டு மருந்தா, வேப்பெண்ணெயா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் பின்தாழ்வாரத்தில் 7 கினிப்பன்றிகள் வளர்கின்றன. ஆடிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், புதிதாக வாங்கி வந்திருந்த சினைப் பெட்டை ஒன்று தீனியை விட்டுவிட்டு, பின்னங்காலால் தோளைச் சொறிந்தபடியே இருந்தது. முதுகு மயிரை விரலால் வகிர்ந்து பார்த்தேன். மயிர் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் தவிடு தூவியதுபோல் வெண்செதில் ஒட்டியிருந்தது. தோல் மஞ்சள் பாரித்து, தடித்து, மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. தூக்கிய மறுநிமிடம் அது பக்கவாட்டில் சரிந்து, கால்கள் நான்கும் வெட்டி வெட்டி இழுக்க வலிப்புக் கண்டது. அரை நிமிடத்தில் அடங்கிவிட்டாலும், அதைப் பார்த்த நடுக்கம் எனக்கு அன்று முழுவதும் தீரவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அப்பால் நின்று, “வேப்பெண்ணெய தேச்சு விடு மக்ளே, ரெண்டு நாள்ல மாறிரும்” என்றார். மருந்துக் கடையில் கேட்டபோது, மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் குப்பியை எடுத்து, “கொஞ்சம்போல ஊசியில எடுத்துப் போடுங்க” என்று சொன்னார்கள். வெளியூரில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளையோ, நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளின் பிடரியில் விடும் செலமெக்டின் சொட்டு மருந்தே நல்லது என்றாள். மூன்று பேரும் நல்லெண்ணத்துடன்தான் சொன்னார்கள். ஆனால் மூன்றும் ஒரே தரத்தில் வைக்கத்தக்கவை அல்ல. இந்த மூன்று வழிகளையும் நானே எடைபோட்டுப் பார்க்க வேண்டி வந்ததால், கண்டறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

எதிரி யார் என்று தெரியாமல் ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. கினிப்பன்றியைப் பிடிக்கும் நுண்ணிய உண்ணிகளில் (ஆங்கிலத்தில் ‘மைட்’) இரண்டு முக்கியமானவை. 1972-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ட்ரிக்ஸகாரஸ் கேவியே என்பது மனிதருக்குச் சிரங்கு உண்டாக்கும் உண்ணியின் உறவு. அது தோலைக் குடைந்து உள்ளே சென்று அங்கேயே முட்டையிடுவதால், நமைச்சல் தாங்க முடியாமல் விலங்குக்கு வலிப்பு வரும் அளவுக்குப் போகிறது. கைரோடிஸ்காய்டஸ் கேவியே என்ற மற்றொன்று தோலைக் குடைவதில்லை. மயிர்க்காம்பைப் பற்றிக்கொண்டு வாழும் அது, பெரும்பாலும் எந்தத் தொல்லையும் வெளிக்காட்டுவதில்லை. இவை தவிரப் பேனும் உண்டு. அதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். சொறிச்சல் சிறிதும் இல்லாமல் இரு விலாவிலும் ஒரே அளவாக மயிர் உதிர்ந்தால், வயதான பெட்டைகளில் சூலக நீர்க்கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். மூக்கையும் கண்ணையும் சுற்றி வட்டமாகச் செதில் கண்டால் அது படர்தாமரையாக இருக்கக்கூடும். நம் கைக்கும் பரவும் அந்தப் பூஞ்சைக்கு உண்ணி மருந்து எதுவும் கேட்காது.

மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் முறை. ஆனால் தோலுக்குள் ஆழமாகக் குடைந்திருக்கும் உண்ணி ஒரு சுரண்டலில் சிக்காமல் போவதும் உண்டு. ஆகவே முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும், அறிகுறி தெளிவாக இருந்தால் மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள். அது சரியான முடிவென்றே நான் கருதுகிறேன்.

இனி மருந்துகளுக்கு வருவோம். ஐவர்மெக்டினும் செலமெக்டினும் எதிரெதிர் மருந்துகள் அல்ல, ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்தது அந்தக் குடும்பம். ஐவர்மெக்டினுக்கு வழிவகுத்த அந்தக் கண்டுபிடிப்புக்காக வில்லியம் கேம்பெலும் சதோஷி ஓமுராவும் 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இரண்டு மருந்துகளும் உண்ணியின் நரம்பையும் தசையையும் செயலிழக்கச் செய்து கொல்கின்றன. பாலூட்டிகளில் இந்த மருந்து மூளைக்குள் நுழையாதபடி ஒரு தடுப்பு இருப்பதால் சரியான அளவில் தீங்கில்லை. அளவு பெருகினால் அந்தத் தடுப்பு தோற்றுவிடும். இங்கே உள்ள ஆபத்து முழுவதும் அந்த ‘அளவு’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

ஐவர்மெக்டின் ஊசியின் பலம், அது எளிதில் கிடைப்பதும் பல விலங்குகளுக்கு ஒரே குப்பி போதுமானதாக இருப்பதும்தான். நம் மாவட்டத்தில் ஆடு மாடு வளர்ப்போர் இருக்கும் ஊரிலெல்லாம் அது உண்டு. அதன் பலவீனமும் அங்கேயே தொடங்குகிறது. மாட்டுக்கென்று வரும் 1 சதவீதக் குப்பியில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. கினிப்பன்றிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அளவு கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரைதான். 850 கிராம் எடையுள்ள என் பெட்டைக்கு, கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்று மருத்துவர் கணக்கிட்டபோது வந்தது 0.034 மில்லி, அதாவது ஒரு துளிக்கும் குறைவு. “கொஞ்சம்போல” என்று கண்ணளவில் 0.1 மில்லி எடுத்திருந்தால் மூன்று மடங்கு போயிருக்கும். இன்சுலின் ஊசியிலும் ஒரு பொறி இருக்கிறது: 100 அலகு ஊசியில் மூன்றரைக் கோடு என்பது சரியான அளவாக இருக்கும்போது, நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 40 அலகு ஊசியில் அதே மூன்றரைக் கோடு இரண்டரை மடங்கு மருந்தைத் தந்துவிடும். இதனால்தான் இந்த ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வோரை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று, ஐவர்மெக்டின் முட்டைகளை அழிப்பதில்லை. முட்டை பொரிந்து, வளர்ந்து, மீண்டும் முட்டையிட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது; ஆகையால் 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று அல்லது நான்கு முறை ஊசி போட வேண்டும். ஒவ்வொரு முறையும் விலங்கைப் பிடித்து அமுக்க வேண்டும் என்பதும், பிடித்தாலே வலிப்பு வரும் விலங்குக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்பதும் கணக்கில் வர வேண்டியவை. ஐவர்மெக்டினை வாய்வழியாகக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. ஆனால் குடலிலிருந்து எவ்வளவு உடலில் சேரும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாத காரணத்தால், ஊசிக்கு அடுத்த இடத்தில்தான் அதை வைக்க முடியும்.

செலமெக்டின் சொட்டு மருந்தில் இந்தச் சோதனை இல்லை. பிடரியில், விலங்கின் வாய் எட்டாத இடத்தில், மயிரை விலக்கித் தோலில் படும்படி விட்டால் போதும். கினிப்பன்றிக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பதே பயன்படுத்தப்பட்டுவரும் அளவு. இரண்டு மருந்துகளையும் நேருக்கு நேர் வைத்து 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், செலமெக்டினை ஒருமுறை விட்ட விலங்குகளும், 10 நாளுக்கொருமுறை நான்கு ஐவர்மெக்டின் ஊசி போட்ட விலங்குகளும் குணமடைந்தன. நான்கு ஊசியின் வேலையை ஒரு சொட்டு முடித்துவிடுகிறது என்பது சிறிய செய்தி அல்ல. நடைமுறையில் சில மருத்துவர்கள் சில வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை விடச் சொல்வார்கள்.

ஆனால் இதிலும் கவனம் வேண்டும். குட்டிகளுக்கான 6 சதவீதக் குழாயும் பெரிய நாய்க்கான 12 சதவீதக் குழாயும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். என் பெட்டைக்கு 6 சதவீதத்தில் 0.21 மில்லி என்றால், 12 சதவீதத்தில் அதில் பாதிதான். விலை ஊசி மருந்தைவிட அதிகம். ஏழு, எட்டு விலங்கு வைத்திருப்பவருக்கு அது சுமையாகத் தெரியலாம். மருந்து உலரும்வரை ஒன்றையொன்று நக்காமல் பிரித்து வைக்க வேண்டும் என்பதும் சிறு தொல்லை.

நாய்க்கும் மாட்டுக்கும் விற்கும் மற்ற உண்ணி மருந்துகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஃபிப்ரோனில் முயல்களைக் கொன்ற மருந்து. கினிப்பன்றிக்கும் தவிர்க்க வேண்டியது. அமிட்ராஸ் கரைசலில் முக்குவது அதைவிட அபாயகரமானது. இவற்றை வாங்கும் எண்ணமே வேண்டாம்.

வேப்பெண்ணெயைப் பற்றி நான் சற்று நின்று சொல்ல வேண்டும். நம் ஊரில் எந்தச் சொறிக்கும் முதலில் கை போவது அதற்குத்தான், அந்த நம்பிக்கையை நான் ஏளனம் செய்யவும் இல்லை. மயிரின் மேல் வாழும் உண்ணியையோ பேனையோ எண்ணெய்ப் பூச்சு ஓரளவு குறைக்கலாம். தோலைக் குடைந்து உள்ளே இருக்கும் உண்ணியை அது எட்டுவதில்லை. மேலும் கினிப்பன்றி ஓயாமல் தன் மயிரை நக்கிச் சுத்தம் செய்யும் விலங்கு. பூசியதில் பெரும்பகுதி வயிற்றுக்குள் போய்விடும். தேங்காய் எண்ணெயில் சூடத்தைக் கரைத்துத் தடவுவது இதைவிடக் கெட்டது, ஏனெனில் சூடமே நரம்பைத் தாக்கி வலிப்பை உண்டாக்கக்கூடிய நஞ்சு. பாட்டி சொன்னதைக் கேட்டு நான் முதல் இரண்டு நாள் வேப்பெண்ணெய் தடவினேன். மயிர் பிசுபிசுத்து, செதில் ஊறி உதிர்ந்து, புண் ஆறிவருவதுபோல் தோன்றியதே தவிர, சொறிச்சல் குறையவில்லை. அந்த இரண்டு நாளும் உண்ணிக்குத்தான் லாபம். கந்தகச் சுண்ணாம்புக் கரைசல் பழைய மருத்துவத்தில் உண்மையிலேயே பயன்பட்டது. ஆனால் வாரம் ஒருமுறை பல வாரம் விலங்கை நனைக்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த கினிப்பன்றிக்கு நிமோனியா வருமோ என்ற கவலையால் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆகவே என் தேர்வு இது: ஒன்றிரண்டு விலங்கு மட்டும் இருந்தாலோ, வலிப்பு ஏற்கெனவே வந்திருந்தாலோ, செலமெக்டின், கூட்டமாக வளர்ப்பவருக்கு மருத்துவர் கையால் ஐவர்மெக்டின் ஊசி. எதைத் தேர்ந்தாலும், ஒரே கூட்டில் உள்ள எல்லா விலங்குகளுக்கும், சொறியாதவற்றுக்கும் சேர்த்து, ஒரே நாளில் தொடங்க வேண்டும். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போனால், அங்கே அளவு பிழைபட இடமில்லை. சொறிந்து புண்ணான இடத்தில் சீழ் வைத்தால், வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஒருபோதும் கொடுத்துவிடக் கூடாது. வாய்வழியாகப் போகும் அந்த மருந்து கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே பறித்துவிடும். சினையாக இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தடுப்பதிலும் எதிரெதிர் கருத்துகள் உள்ளன. மாதந்தோறும் முன்கூட்டியே மருந்து போட்டுவிடுவது ஒரு கட்சி. நான் அதில் இல்லை. உண்ணி ஒரு கினிப்பன்றியிடமிருந்து இன்னொன்றுக்கும், தாயிடமிருந்து குட்டிக்கும், நேரடித் தொடர்பால் பரவுகிறது; அறிகுறி இல்லாமல் சுமந்துகொண்டிருக்கும் விலங்கில், வெயில் கொடுமை, சினை, நெரிசல், வைட்டமின் சி குறைவு ஆகியவை வரும்போது அது தலைதூக்குகிறது. ஆகவே புதிதாக வருவதை மூன்று வாரம் தனியே வைப்பதுதான் மருந்தைவிட உறுதியான வேலி. என் வீட்டுக்கு உண்ணி வந்தது அந்த வேலியை நான் போடாததால்தான்.

மனிதரைப் போலவே கினிப்பன்றியும் வைட்டமின் சி-யைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாத விலங்கு. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராமும், சினையானதற்கு 30 மில்லிகிராம்வரையும் வேண்டும். தண்ணீரில் கலந்து வைக்கும் சொட்டு மருந்து சில மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும். அதைவிடக் கொல்லையில் பழுக்கும் கொய்யாவில் ஒரு துண்டும், குடைமிளகாயில் ஒரு கீற்றும் நம்பகமானவை.

படுக்கைக்கு எது நல்லது என்பதில் எனக்கும் பலமுறை மனம் மாறியிருக்கிறது. வைக்கோல் உண்ணியைக் கொண்டுவரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் புகார். இந்த உண்ணி கினிப்பன்றியை நம்பி வாழ்வது என்பதால், வேறு கினிப்பன்றிகள் படுத்த வைக்கோலாக இருந்தாலொழிய அந்தப் புகார் நியாயமானதல்ல. வைக்கோலின் குற்றம் வேறு: ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மரச்சீவல் நன்றாக உறிஞ்சும், ஆனால் மழையில் காயவைக்க வழியில்லை. கயிறு ஆலையின் நார்த்தூள் மலிவாகக் கிடைத்தாலும் அதன் தூசி மூக்கை அடைக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் நம் மாவட்டத்தில், தினமும் மாற்றும் செய்தித்தாளின் மேல் ஒரு பிடி உலர்ந்த புல் என்பதே எனக்கு ஒத்துவந்தது. சிகிச்சை நடக்கும் நாள்களில் மரப்பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் வெந்நீர் ஊற்றித் துடைக்க வேண்டும். தூக்கிக் கொஞ்சுபவர்களின் முன்கையிலும் அரிப்புப் புள்ளிகள் வரக்கூடும். விலங்கு குணமானதும் அவை தாமே மறைந்துவிடும்.

அருகில் கினிப்பன்றியைப் பார்த்துப் பழகிய மருத்துவர் கிடைக்காவிட்டால், நமக்கு இரு திசையிலும் வழி உண்டு: மேற்கே திருவனந்தபுரம், வடக்கே திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. எந்தப் பக்கம் போனாலும் விடியற்காலைப் பேருந்தே நல்லது, 30 டிகிரிக்கு மேல் போகும் மதிய வெயிலை இந்த விலங்கு தாங்காது. காற்றோட்டமுள்ள கூடையில், அதனுடன் வளரும் துணையையும் சேர்த்து, ஒரு கைப்பிடி அருகம்புல்லைப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். துணைக்கும் எப்படியும் மருந்து வேண்டியிருக்கும்.