நெத்திலி விலை ஏன் ஒதுங்கி நிற்கிறது: டெர்மினலில் தமிழை நேராக நிறுத்த நான்கு வழிகள்

கடலூர் முதுநகரில் மாமாவுக்கு மீன் கணக்கு பார்க்க ஒரு சின்ன பைதான் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். லேப்டாப் அரதப் பழசு, அதனால் எல்லாமே டெர்மினலில்தான், அதாவது எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும் திரையில். முதல் நாளே மாமா கேட்டார்: "என்னடா, நெத்திலி விலை மட்டும் தள்ளி நிக்குது?"

முதலில் நான் போட்டிருந்தது எல்லோரும் போடும் எல்ஜஸ்ட், பைதானிலேயே இருக்கும் ஃபங்ஷன். அது யூனிகோட் குறியீடுகளை (மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறியீடு) எண்ணி மிச்சத்தை இடைவெளியால் நிரப்பும். வஞ்சிரம் 8, நெத்திலியும் 8. கணக்குப்படி இரண்டும் ஒரே நீளம், திரையில் இல்லை. சி மொழியின் பிரிண்ட்எஃப் இன்னும் மோசம், அது பைட்டை எண்ணும். இரண்டு பெயரும் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட், நீங்கள் 20 அகலம் கேட்டால் "ஏற்கெனவே நிரம்பிவிட்டது" என்று ஒரு இடைவெளிகூடப் போடாது. இந்த வழியைத் தமிழுக்கு மறந்துவிடலாம்.

அடுத்தது டபிள்யூசிவிட்த். ஒரு குறியீடு திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று சொல்லும் பழைய ஃபங்ஷன். சீன எழுத்துக்கு 2, ஆங்கிலத்துக்கு 1, மேலே ஒட்டும் குறிக்கு 0. சீனத்துக்கு அழகாக வேலை செய்கிறது. தமிழுக்கு வந்தால் கூத்து. யூனிகோட் பட்டியலில் புள்ளியும் 'ஈ' குறியும் இடம் பிடிக்காத வகை, மற்ற உயிர்க்குறிகள் கிட்டத்தட்ட எல்லாம் இடம் பிடிக்கும் வகை. ஆகவே லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் கணக்கில் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரே கட்டம்! குறிலைவிட நெடில் ஒல்லி. வஞ்சிரம் 6, நெத்திலி 7.

சரி, எழுத்தை எழுத்தாகவே எண்ணினால் என்ன? அதுதான் மூன்றாவது, கிராஃபீம் வழி: மெய்யும் அதன் குறியும் சேர்ந்து ஒன்று. நெத்திலி 4, வஞ்சிரம் 5. கவனியுங்கள், முந்தைய கணக்கில் நீளமாக இருந்தது இதில் குட்டையாகிவிட்டது. பைதானுக்கான டபிள்யூசிவிட்த் நூலகமும் 2023இல் வந்த 0.2.9 பதிப்பில் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. தமிழனுக்கு இதுதான் நியாயமாகப் படும், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் 'ணை'யையோ 'ஞௌ'வையோ ஒரு கட்டத்துக்குள் திணித்தால் எழுத்து நசுங்கும், இல்லாவிட்டால் ஓரம் வெட்டுப்படும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினவர் மாதிரி.

அதைவிடப் பெரிய சிக்கல், டெர்மினலும் அதே கணக்கைப் போட வேண்டும். கிட்டி என்ற டெர்மினல் குறிகளை மெய்யோடு சேர்த்துவிடும். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் பழைய வழிதான், அதில் நெத்திலியின் கொம்பு 'ந'வுக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பல பகுதியாகப் பிரிக்கும் புரோகிராம்) ஓடினால் அதற்கென்று தனியாக ஓர் அகலக் கணக்கு வேறு. என் புரோகிராம் 4 என்று நினைக்க, டெர்மினல் 7 என்று நினைக்க, மாமா என்னைத் திட்டுவார். இதைச் சரிக்கட்டத்தான் மோட் 2027 என்று ஒன்றைச் சில புதிய டெர்மினல்கள் வைத்திருக்கின்றன: "கிராஃபீமாக எண்ணுகிறாயா?" என்று புரோகிராம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். நல்ல யோசனைதான், மாமாவின் லேப்டாப்பில் இருக்கும் டெர்மினலுக்கு அது தெரியாது.

கடைசியில் நான் போய் நின்றது எண்ணாமலே இருக்கும் வழியில். பெயரை அச்சிடு, பிறகு இடைவெளியே போடாமல் 'கர்சரை 24ஆம் பத்திக்குக் கொண்டு போ' என்று டெர்மினலுக்கே உத்தரவு கொடு: எஸ்கேப், சதுர அடைப்பு, 24, பெரிய 'ஜி'. பெயர் 7 கட்டமோ 4 கட்டமோ, விலை 24இல்தான் தொடங்கும். (டேப் விசையும் இப்படித்தான் வேலை செய்யும், ஆனால் அது 8 கட்டத்துக்கு ஒரு தாவல் என்பதால் கானாங்கெளுத்தி வந்ததும் பழைய டெர்மினலில் விலை அடுத்த தாவலுக்கு ஓடிவிட்டது.) அகலம் எவ்வளவு என்று உண்மையாகவே தெரிந்தாக வேண்டுமென்றால், பெயரை அச்சிட்டுவிட்டு எஸ்கேப், சதுர அடைப்பு, 6, சிறிய 'என்' அனுப்பினால் கர்சர் எங்கே நிற்கிறது என்று டெர்மினலே பதில் சொல்லும். கொஞ்சம் மெதுவு, ஆனால் பொய் சொல்லாது.

இந்த வழி ஃபைலுக்குள் எழுதும்போது உதவாது, அங்கே கர்சர் ஏது? அதனால் மாமா பிரிண்ட் எடுக்கும் பட்டியலில் எடையையும் விலையையும் முன்னால் போட்டு, மீன் பெயரை வரியின் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.