ஜாமீன் மனுவுக்குச் சாட்சியின் பிரமாணப் பத்திரமா, ஆவணமா?

"நேரில் பார்த்தவரே எழுதித் தருகிறேன் என்கிறார், வாங்கி வரட்டுமா சார்?" கைதானவரின் அண்ணன் இப்படிக் கேட்கும்போது, அருகில் நிற்கும் மைத்துனர் கையில் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு மடங்கிக் கிடக்கும். எதைத் தாக்கல் செய்வது?

செலவு: சத்தியம் செய்து எழுதித் தரும் பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரியிடம் ஒரு நடை போதும். ஆவணத்துக்கு அலைச்சல், சிசிடிவி பதிவென்றால் அழிவதற்குள் ஓட வேண்டும்.

மதிப்பு: சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் தன் முதல் பிரிவிலேயே பிரமாணப் பத்திரங்களை வரம்புக்கு வெளியே நிறுத்துகிறது. பத்திரம் எழுதியவரிடம் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை கிடையாது. ஜாமீன் கட்டத்தில் நீதிபதி சாட்சியின் நம்பகத்தன்மையை அலசுவதும் இல்லை. தேதியும் நேரமும் உள்ள சீட்டு அப்படியல்ல; காவல்துறை சொல்லும் நேரத்தோடு ஒரே பார்வையில் ஒப்பிடலாம்.

ஆபத்து: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மூன்று சாட்சிகள், மூன்று பத்திரங்கள், மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை! அரசு வழக்கறிஞருக்கு வேறென்ன வேண்டும்? அரசுத் தரப்புச் சாட்சியே பல்டி அடித்து எழுதித் தந்தால் இன்னும் மோசம்: 'வெளியே வரும் முன்பே சாட்சியைக் கலைக்கிறார்' என்பார். பொய்யென்று நிரூபணமானால் எழுதியவருக்கு 7 ஆண்டு வரை சிறை.

சம்பவ இடத்தில் இல்லை என்று காட்ட ஆவணம்தான். நிரந்தர முகவரி, வீட்டில் படுக்கையில் கிடக்கும் தாய் போன்றவற்றைச் சொல்லக் குடும்பத்தார் பத்திரம் போதும். நேரில் பார்த்தவரை, பின்னால் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு விசாரணையில் சாட்சி சொல்ல வைத்திருங்கள்.