நாடே ஒதுங்குவதா, ஒருவர் மட்டும் விலகுவதா?

"எதிராளி வரலைன்னா நமக்கு லாபம்தான, அண்ணாச்சி?" பாளையங்கோட்டையில் ஜூடோ பழகும் பையன் கேட்டான். சரி, யார் வரவில்லை என்று பார்க்கணும்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணித்தது. அந்நாட்டு ஜூடோ வீரர் யமாஷிதா இல்லாமலே பதக்கங்கள் கைமாறின. அந்தத் தங்கத்துக்கு மாற்றுக் குறைவு என்பேன். 1984-இல் அவர் கால் காயத்தோடு வென்றார், ஆனால் அப்போது சோவியத் வீரர்கள் வரவில்லை!

தனி ஆள் விலகினால் அடி ஒரு பிரிவோடு நிற்கும். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 73 கிலோ பிரிவில் இஸ்ரேலின் புட்புல்லோடு மோத நேரும் என்று அல்ஜீரியாவின் நூரின் விலகினார். அடுத்து புட்புல்லோடு மோதவேண்டிய சூடான் வீரரும் களத்துக்கு வரவில்லை. புட்புல் ஒரு பிடிகூடப் பிடிக்காமல் அந்தச் சுற்றைத் தாண்டினார். தெம்பு மிச்சம்தான், உடம்பு சூடேறியிருக்காதே. நூரினுக்கு 10 ஆண்டு தடை. முழு நாடு ஒதுங்கியபோது வீரர் பேச்சு எடுபடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய அநியாயம்.