ஐஎஸ்ஓவை இறக்கும் முன் மேனிஃபெஸ்ட்: நாலு வருட அனுபவம்

யாங்கோனில் கோயிலை ஒட்டி நடக்கும் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஆறு பழைய லேப்டாப்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் லினக்ஸ்தான். வகுப்பறையில் இணையம் கிடையாது. ஐஎஸ்ஓவுக்குள், அதாவது லினக்ஸை நிறுவ இறக்கும் அந்த ஒற்றைப் பெரிய கோப்புக்குள், என்ன வந்ததோ அதுதான் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

2022-இல் இது எனக்கு உறைக்கவில்லை. போன் டேட்டாவில், கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, 3 ஜிபிக்கு மேல் மூன்று இரவுகளில் இறக்கினேன். ஆறு லேப்டாப்பிலும் நிறுவிய பிறகு பார்த்தால், தமிழ் படிக்க முடிந்தது, தட்டச்சு சரியாக வரவில்லை. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட் 99 இருந்தது. ஆனால் அது விசைக்கு ஓர் எழுத்தைப் போடுவதோடு சரி. தமிழ்99 முறையில் மெய்க்குத் தானாகப் புள்ளி விழ ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் வேண்டும். அது இல்லை. பிள்ளைகள் அன்றைக்கு வெறுமனே வீட்டுக்குப் போனது இன்னும் மனதில் நிற்கிறது.

அதற்கப்புறம்தான் மேனிஃபெஸ்ட் கோப்பைக் கவனித்தேன். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பதிவிறக்கத் தளத்தில் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். வெறும் எழுத்துக் கோப்பு, வரிக்கு ஒரு பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) பெயரும் அதன் பதிப்பு எண்ணும். போனில் எடுக்கும் ஒரு போட்டோவைவிடச் சின்னது. இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனின் லைவ் பதிப்புகளுக்கும் (நிறுவாமலே ஓட்டிப் பார்க்கக்கூடியவை) இதேபோல் பேக்கேஜஸ் என்று முடியும் கோப்பு உண்டு.

நான் முதலில் தேடுவது தமிழ் எழுத்துருவையும் எம்17என்-ஐயும். அடுத்தது படவுக். பெற்றோருக்கான அறிவிப்புகளை பர்மியில் அடிக்க அந்த எழுத்துரு வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் நாடே ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாறிவிட்டதால், பர்மிய யூனிகோட் எழுத்துரு இல்லாத கணினி இங்கே யாருக்கும் உதவாது. கடைசியாக வைஃபைக்கான ஃபர்ம்வேர், அதாவது வைஃபை சில்லு வேலை செய்யத் தேவையான மென்பொருள். டெபியனில் இது இன்டெல்லுக்குத் தனி, ரியல்டெக்குக்குத் தனி என்று பிரிந்திருப்பதால் பட்டியலே பதில் சொல்லிவிடும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இவை அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவிலேயே சேர்ந்துவிட்டன. உபுண்டு 24.04-இல் எல்லாம் ஒரே பேக்கேஜுக்குள் அடங்கியிருப்பதால், பெயரை மட்டும் பார்த்து நம் வைஃபை ஓடுமா என்று சொல்ல முடியாது.

ஐஎஸ்ஓ கையில் இருந்தால் இன்னும் நல்லது. நண்பர்கள் பென்டிரைவில் தரும் மின்ட் என்ற லினக்ஸின் ஐஎஸ்ஓவை இப்படித்தான் பார்க்கிறேன்: அதை லூப் முறையில் மவுன்ட் செய்து (ஒரு டிஸ்க்கைப் போலத் திறந்து), காஸ்பர் கோப்புறைக்குள் போனால் மேனிஃபெஸ்ட் அங்கேயே இருக்கும். டெபியனில் அந்தக் கோப்புறையின் பெயர் லைவ். பேக்கேஜ் போதாது, குறிப்பிட்ட ஒரு கோப்பே இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அன்ஸ்குவாஷ்எஃப்எஸ் கட்டளை ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பை (முழு சிஸ்டமும் சுருக்கி அடைக்கப்பட்டது) பிரிக்காமலே உள்ளே இருப்பதைப் பட்டியலிடும். ஒரு தடவைகூட பூட் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஐஎஸ்ஓவின் பூல் என்ற கோப்புறையில் கிடக்கும் பேக்கேஜ்கள் ஐஎஸ்ஓவில் இருக்கும், ஆனால் தானாக நிறுவப்படாது. தேவைப்பட்டால் நாம்தான் எடுத்துப் போட வேண்டும். இன்னொன்று, உபுண்டு 23.10 முதல் இயல்பான நிறுவல் என்பதே குறைந்தபட்ச நிறுவல்தான். ஆவணங்கள் தயாரிக்கும் லிப்ரெஆபீஸ் ஐஎஸ்ஓவில் இருந்தாலும், விரிவான தேர்வைக் கேட்டு வாங்கினால்தான் வரும். வகுப்புக்கு அது கட்டாயம் வேண்டும் என்பதால் இதை லேப்டாப் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது எந்த ஐஎஸ்ஓவிலாவது எம்17என் இல்லை என்று தெரிந்தால் அதற்காக அந்த ஐஎஸ்ஓவை ஒதுக்குவதில்லை. அதற்குத் தேவையான துணை பேக்கேஜ்களில் எவை ஏற்கெனவே மேனிஃபெஸ்டில் உள்ளன என்று பார்த்து, இல்லாதவற்றின் டெப் கோப்புகளை (நிறுவுவதற்கான பேக்கேஜ் கோப்புகள்) மட்டும் வீட்டில் இறக்கி, அதே பென்டிரைவில் போட்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போகிறேன்.